எம்.பி. தனி மசோதா போட்டா பீடித் தொழிலாளர்களுக்குச் சட்டம் வந்துருமா?

ஆலங்குளத்தான்:

வணக்கம். ஆலங்குளம், முக்கூடல், கடையம் சுத்துவட்டாரத்துல பீடி சுத்துற பொம்பளையாளுவ சேர்ந்து எம்.பி.யைப் பாத்து மனு கொடுக்கப் போறாவ. கேக்கது மூணு: ஆயிரம் பீடிக்குக் கூலி கூடணும், கழிவுன்னு பீடியைத் தள்ளுறதுக்கு ஒரு வரம்பு வேணும், நலநிதிக்குப் பழையபடி செஸ் வரணும். "எம்.பி. தனி மசோதா ஒண்ணு போட்டாருன்னா இந்தக் கூட்டத்தொடர்லயே சட்டமாயிரும்"னு ஒருத்தர் சொல்லுதாரு. இன்னொருத்தர், "மாநிலங்களவைல போட்டா சீக்கிரம் முடியும்"ங்காரு. நெசமா எப்படி நடக்கும்? தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

பாளை மார்க்கெட்:

அண்ணாச்சி, "இந்தக் கூட்டத்தொடர்லயே"ங்கிற பேச்சை அடியோட விட்டுருங்க. மந்திரியா இல்லாத உறுப்பினர் கொண்டுவந்த மசோதா இதுவரை மொத்தம் 14தான் சட்டமாயிருக்கு. கடைசியா நிறைவேறுனது 1970ல.

காரணம் நேரம்தான். மக்களவைல ஒரு மாச நோட்டீஸ் கொடுக்கணும். தனிநபர் அலுவலுக்கு வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டரை மணி நேரம் மட்டும். அதுலயும் ஒரு வெள்ளி மசோதாவுக்குன்னா அடுத்த வெள்ளி தீர்மானத்துக்கு. மூணு நாலு வாரக் கூட்டத்தொடர்ல மசோதாவுக்கு ரெண்டு வெள்ளி தேறுனா பெருசு, அமளில அவையை ஒத்திவச்சா அதுவும் போச்சு.

அறிமுகம் லேசு. பேரைக் கூப்பிடுவாவ, அவர் எந்திரிச்சு அனுமதி கேப்பாரு, குரல் வாக்கு, முடிஞ்சுது. வாட்ஸப்ல சுத்துற வீடியோ பெரும்பாலும் இந்த ஒரு நிமிசத்தோடதுதான். விவாதத்துக்கு எடுக்கணும்னா குலுக்கல்ல பேரு வரணும். வந்தாலும் கடைசில மந்திரி பதில் சொல்லி, வாபஸ் வாங்கிக்கிடச் சொல்லுவாரு; அநேகமா வாங்கிருவாவ. இதுக்கு நடுவுல அந்த உறுப்பினர் மந்திரியாயிட்டாலோ பதவி போயிட்டாலோ மசோதாவைப் பதிவேட்டுலருந்து எடுத்துருவாவ.

உங்க மூணு கோரிக்கையும் மூணு வாசலுக்குப் போக வேண்டியது. பீடிக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கது மாநில அரசு. டெல்லி வரைக்கும் போக வேண்டிய சோலியே இல்ல, சென்னைல தொழிலாளர் துறைக்கு எழுதணும். கழிவுத் தகராறை மாநில அரசு குறிக்கிற அதிகாரி தீர்க்கணும்னு 1966ஆம் வருசத்து பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்துல 39ஆம் பிரிவுலயே இருந்துது. எத்தனை சதவீதம் தள்ளலாம்ங்கிற கணக்கெல்லாம் விதில வர்ற சங்கதி. செஸ்? அது வரி. வரி போடுற மசோதாவை ஜனாதிபதி பரிந்துரை இல்லாம அறிமுகமே பண்ண முடியாது (அரசியல் சாசனம் 117). பரிந்துரை வரணும்னா அரசு மனசு வைக்கணும். 1976 நலநிதிக்கான செஸ்ஸை 2017ல ஜி.எஸ்.டி. வந்தப்ப எடுத்ததே அரசுதான்.

பொதிகைச் சாரல்:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: நிறைவேறாத மசோதாவும் சில சமயம் வேலை செய்யும். திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரலில் நிறைவேற்றியது. மக்களவையில் அது தேறவில்லை. ஆனால் அரசு தானாகவே ஒரு மசோதா கொண்டுவர வேண்டியதாயிற்று, அது 2019இல் சட்டமானது. உள்ளடக்கத்தில் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு என்பது வேறு விஷயம்.

அரசு மசோதா எப்படிப் போகும் என்பதற்கு உங்கள் தொழிலே உதாரணம். 1966 சட்டத்தை இப்போது தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். அந்த மசோதா 2019இல் அறிமுகமாகி, நாடாளுமன்றத்தின் தொழிலாளர் நிலைக்குழுவுக்குப் போய், 2020 பிப்ரவரியில் குழு அறிக்கை வந்தது. பிறகு அரசு அதை வாபஸ் வாங்கிவிட்டு, 2020 செப்டம்பர் 19 அன்று புது மசோதாவை வைத்தது. 22ஆம் தேதி மக்களவை, 23ஆம் தேதி மாநிலங்களவை, அந்த மாதமே ஜனாதிபதி ஒப்புதல். ஆனால் நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21. நிறைவேற ஐந்து நாள், அமலுக்கு ஐந்து வருஷம்!

இதில் தொழிலாளி பேச்சு ஏறக்கூடிய இடம் இரண்டுதான். ஒன்று நிலைக்குழு. துறைவாரியாக 24 குழுக்கள்; ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10, ஆக 31 பேர். மந்திரிக்கு இடமில்லை. கூட்டம் மூடிய அறையில் நடப்பதால் கட்சிக்காக முழங்கும் வேலை குறைவு, பிரிவு பிரிவாக உட்கார்ந்து பார்ப்பார்கள். கருத்துக் கேட்டுப் பத்திரிகையில் அறிவிப்பு வரும், கெடு பெரும்பாலும் இரண்டு வாரம் போலத்தான். குழு சொன்னதை அரசு ஏற்றே ஆகவேண்டும் என்பதில்லை. ஆனாலும் பதிவில் ஏறிவிடும், நாளைக்கு எடுத்துக் காட்டலாம்.

இரண்டாவது, விதிகள். சட்டத்தில் 'நிர்ணயிக்கப்பட்டவாறு' என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் நிஜமான எண் விதியில்தான் இருக்கும். வரைவு விதியைக் கெசட்டில் போட்டு ஆட்சேபணை கேட்பார்கள். கெடுவுக்குள் பிரிவு எண், விதி எண் குறித்து எழுதினால் அதிகாரி அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். "தொழிலாளர் நலன் காக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் ஃபைலில் தூங்கும்.

அவைக்குள் மசோதா வந்தபிறகு திருத்தம் ஏறுவது அபூர்வம். பத்துப் பதினைந்து பிரிவுகளைச் சேர்த்து ஒரே குரல் வாக்கில் முடிப்பார்கள். யாராவது டிவிஷன் கேட்டால்தான் மணி மூன்றரை நிமிஷம் அடித்து, கதவைச் சாத்தி, ஆளுக்காள் வாக்கெடுப்பு. கேட்காவிட்டால் எந்த எம்.பி. எந்தப் பக்கம் என்று பதிவே இருக்காது. "எங்க ஆளு எதிர்த்து ஓட்டுப் போட்டாரு" என்று மேடையில் பேசுவதைக் கேட்டால் டிவிஷன் நடந்ததா என்று முதலில் பாருங்கள்.

மாநிலங்களவையில் போட்டால் வேகம் கூடாது, ஆயுள்தான் கூடும். மக்களவை கலைந்தால் அங்கே கிடக்கிற மசோதாவெல்லாம் காலாவதி. மாநிலங்களவையில் அறிமுகமாகி அங்கேயே நிற்கிற மசோதா காலாவதி ஆகாது.

ஆலங்குளத்தான்:

அப்போ மனுவே வேண்டாங்கீங்களா? பொம்பளையாளுவ கையெழுத்து வாங்க ஆரம்பிச்சுட்டாவ. மனுவைத் தமிழ்ல எழுதலாம்லா?

டவுன் ரதவீதி:

யாரு வேண்டாம்னா? எம்.பி. கையில ஒரு தாளைக் கொடுத்து போட்டோ எடுத்துட்டு வர்றதுக்குப் பதிலா, மக்களவை மனுக்கள் குழுவுக்குப் போற மாதிரி எழுதுங்க. 15 பேர் குழு, சபாநாயகர் நியமிக்கது, மந்திரி கிடையாது. எம்.பி. மேலொப்பம் போட்டு அவைல சமர்ப்பிக்கலாம்.

தமிழ்ல எழுதலாம். ஆனா இங்கிலீஷ்லயோ இந்திலயோ மொழிபெயர்ப்பு வச்சு அதுலயும் மனுதாரர் கையெழுத்துப் போடணும். கையெழுத்துப் போடுற எல்லாருக்கும் முழுப்பேரும் விலாசமும் வேணும். எழுதத் தெரியாதவங்க கைநாட்டு வைக்கலாம், அது செல்லும். எல்லாரும் தப்பு பண்ணுற இடம் ஒண்ணு உண்டு: கோரிக்கையை ஒரு தாள்ல டைப் பண்ணிட்டு, கையெழுத்து பூராவும் வேற தாள்கள்ல வாங்குவாவ. கோரிக்கை எழுதுன அதே தாள்ல ஒருத்தர் கையெழுத்தாவது இருக்கணும். பாஸ்புக் நகல், பி.எஃப். ரசீது எதையும் கூட இணைக்கக் கூடாது. கோர்ட்ல நிக்கிற வழக்கைப் பத்தியும் எழுதாதீங்க, எடுத்துக்கிட மாட்டாவ.

கூலியை இந்த மனுவுல சேர்க்காதீங்க. பாளை மார்க்கெட் அண்ணாச்சி சொன்னாப்புல அது சென்னைக்கு. இங்க செஸ் நின்னதுக்கு அப்புறம் நலநிதி ஆஸ்பத்திரி, பிள்ளைங்க படிப்பு உதவித்தொகைக்கெல்லாம் பணம் எங்கருந்து வருதுங்கிறதை மட்டும் வைங்க.

இன்னொண்ணு, இதுதான் சீக்கிரம் பலன் தர்றது: எம்.பி.கிட்ட மசோதாவுக்குப் பதிலா கேள்வி கேக்கச் சொல்லுங்க. மக்களவைல 15 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். நட்சத்திரக் கேள்வி, அதாவது மந்திரி அவைல வாயால பதில் சொல்லுறது, நாளைக்கு 20தான், குலுக்கல்ல வர்றது கஷ்டம். நட்சத்திரமில்லாத கேள்வி 230 வரைக்கும் எடுப்பாவ, எழுத்துல பதில் வரும். கேள்வியை நீங்களே தயார் பண்ணிக் கொடுங்க. "பீடித் தொழிலாளர் நிலை என்ன"ன்னு கேட்டா ரெண்டு பக்கத்துக்குத் திட்டப் பேரா அடுக்கி அனுப்பிருவாவ. 2017க்கு அப்புறம் வருசவாரியா எவ்வளவு ஒதுக்குனீங்க, எவ்வளவு செலவாச்சு, திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களுக்கு எவ்வளவுன்னு (அ), (ஆ), (இ) போட்டுக் கேளுங்க. ஆலங்குளம் சட்டமன்றத் தொகுதி தென்காசி மாவட்டத்துல இருந்தாலும் திருநெல்வேலி எம்.பி. தொகுதிக்குள்ள வருது. கடையநல்லூர் பக்கத்து ஆளுக தென்காசி எம்.பி. வழியா அதே கேள்வியை வேற அமர்வுல கொடுக்கட்டும்.