1 ஓம் எர்த் போட்டால் சிக்னலுக்கு இடி பயமே இல்லையாம்!

தண்டவாளத்தான்: "சீனாவின் வென்ஜோ ரயில் விபத்தில் சிக்னல் எர்த்தின் மின்தடை 1 ஓமுக்குள் இருந்திருந்தால் 40 பேர் செத்திருக்க மாட்டார்கள்" என்று நேற்று கரிசல்குமார் எழுதியிருக்கிறார். வாய்க்கு வந்ததை எல்லாம் எழுதுவதா? 2011 ஜூலை 23 அன்று மின்னலில் சிக்னல் கட்டுப்பாட்டுக் கருவியின் ஃபியூஸ் போனது. உடனே சிவப்புக்குப் போயிருக்க வேண்டிய கருவி, பழுதுக்கு முன் வாங்கிய 'தடம் காலி' தகவலையே பிடித்துக்கொண்டு பச்சை காட்டியது. டி3115 ரயிலின் பின்னால் வந்து டி301 ரயில் மோதியது. தப்பு வடிவமைப்பில். எர்த் எங்கே வந்தது?

கரிசல்குமார்: ஃபியூஸ் ஏன் போனது சார்? மின்னல் உள்ளே வந்ததால். நம் ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்டிஎஸ்ஓ சிக்னல் எர்த்துக்கு 1 ஓம் என்று சும்மாவா விதி வைத்தது?

தண்டவாளத்தான்: கணக்குப் போடுங்கள். 20 கிலோ ஆம்பியர் 1 ஓமில் இறங்கினால் 20,000 வோல்ட். உங்கள் அருமை எர்த்தே அந்த நேரத்தில் 20,000 வோல்ட்டில் நிற்கும். கருவியைக் காப்பாற்றுவது பவர் எர்த், கேபிள் கவசம், கருவி நிற்கும் ரேக் எல்லாவற்றையும் ஒரே பஸ்பாரில் (செம்புப் பட்டையில்) சேர்த்துக் கட்டுவது. எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் கருவியின் மின்னணுக் கார்டுக்குக் குறுக்கே வோல்ட்டேஜ் வராது.

கரிசல்குமார்: 10 ஓம் என்றால் 2 லட்சம் வோல்ட். அப்போது 1 ஓம்தானே நல்லது? உங்கள் கணக்கே என் பக்கம் பேசுகிறது.

மழைக்கால மெயின்டெய்னர்: நான் வேலை பார்த்த ஒரு ஸ்டேஷனில் எர்த் 0.8 ஓம். ஆனால் மின்னலை எர்த்துக்குத் திருப்பும் அரெஸ்டரிலிருந்து பஸ்பாருக்குப் போகும் பச்சை ஒயர் இரண்டு மீட்டருக்கு மேல். அதையும் அழகாகச் சுருட்டி டேக் போட்டிருந்தார்கள். ஒயரின் மின்தூண்டல் மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி. மின்னோட்டம் மைக்ரோ நொடிக்கு 1 கிலோ ஆம்பியர் ஏறினாலே மீட்டருக்கு 1,000 வோல்ட் கூடும். கோடை மழையில் ஆக்சில் கவுண்டர் (சக்கரங்களை எண்ணித் தடம் காலியா என்று சொல்லும் கருவி) கார்டு கருகிப்போனது. ஒயரை அரை மீட்டராக வெட்டிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

கரிசல்குமார்: அந்த 0.8 எந்த மாதம் அளந்தது? ஐப்பசி மழை ஈரத்தில் எல்லா எர்த்தும் நல்ல பிள்ளைதான். சித்திரையில் அளந்து காட்டுங்கள்.

சந்திப்பு: ஆக்சில் கவுண்டர் வந்ததிலிருந்துதான் இந்த வம்பெல்லாம். பழைய மின்காந்த ரிலே இதற்கெல்லாம் அசையாது.

தண்டவாளத்தான்: ரிலே பெருமைக்கு வேறு திரி தொடங்குங்கள் சந்திப்பு. குமார், "கரியும் உப்பும் போதும்" என்ற திரியில் எர்த் குழியில் போடும் பென்டோனைட் களிமண் பற்றிக் கேட்டதும் காணாமல் போனவர்தானே நீங்கள்? இப்போதும் கேள்வியை விட்டு ஓடுகிறீர்கள். 1 ஓம் இருந்தால் ஃபியூஸ் போன கருவி சிவப்பு காட்டுமா?

கரிசல்குமார்: அன்று எனக்கு நைட் டியூட்டி. ஏசி அறையில் சூத்திரம் எழுதுகிறவர்களுக்கு அது புரியாது. 1 ஓம் இருந்தால் ஃபியூஸே போகாது.

தண்டவாளத்தான்: இருபதாயிரம் வோல்ட். மறுபடியும் படியுங்கள். பக்கத்தில் இறங்கும் இடி கேபிளில் தூண்டும் சர்ஜுக்கு (திடீர் மின் எழுச்சிக்கு) உங்கள் எர்த் பிட் என்ன செய்யும்? அதற்குத்தான் பவர் நுழைகிற இடத்தில் கிளாஸ் பி அரெஸ்டர், கருவிக்கு முன்னால் கிளாஸ் சி அரெஸ்டர். இதையும் விதியில் படித்திருப்பீர்களே?

கரிசல்குமார்: அந்த அரெஸ்டர் எதில் கொண்டுபோய்க் கொட்டும்? எர்த்தில்தான். மெயின்டெய்னர், கேட்டதற்குப் பதில் வரவில்லை. அந்த 0.8-ஐ தள்ளி மண்ணில் சோதனை முளை அடித்து அளந்தீர்களா, கிளாம்ப் மீட்டரிலா? வளையமாகப் புதைத்த ரிங் எர்த்தில் கிளாம்ப் மாட்டினால் அது கம்பி வளையத்தைத்தான் அளக்கும், மண்ணை இல்லை.

மழைக்கால மெயின்டெய்னர்: நான் ஒயரைப் பற்றிப் பேசினால் நீங்கள் மீட்டரைப் பிடிக்கிறீர்கள். முளை அடித்துத்தான் அளந்தோம்.

கரிசல்குமார்: எத்தனை மீட்டர் தள்ளி?