பிஎச்பியில் தமிழ்ப் பெயரை வெட்டினால் எழுத்து உடைகிறது, தேடினால் கிடைப்பதில்லை

தண்ணீர்மலைவாசி:
வணக்கம். பினாங்கில் ஒரு கோயிலின் அர்ச்சனைப் பதிவுப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பக்தர்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் கைப்பேசியில் போடுவார்கள், கவுண்டரில் சீட்டு அடிக்கும், குருக்கள் அதைப் பார்த்துத்தான் சங்கல்பத்தில் பெயர் சொல்வார். தைப்பூசக் கூட்டத்தில் யாரையும் நிறுத்திக் கேட்க முடியாது.

பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய பழைய நிரல், பெயரை சப்ஸ்ட்ர் என்ற வெட்டும் கட்டளை வைத்து 30-இல் வெட்டுகிறது. "மீனாட்சி சுந்தரம்" என்று போட்டால் "மீனாட்சி ச" என்று வந்து பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதற்குப் பதில் எம்பி_சப்ஸ்ட்ர் என்ற கட்டளை போட்டு 10 கொடுத்துப் பார்த்தேன். கேள்விக்குறி போனது, பெயர் அதே "மீனாட்சி ச"தான். பெயரில் வேண்டாத குறிகளை நீக்கும் நிரல் வரி ஒன்றும் இருக்கிறது, அது மீனாட்சியை "மனடச" ஆக்குகிறது. போதாததற்கு, "கோமதி" என்று தேடினால் பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் சில கோமதிகள் வருவதில்லை.

அர்ச்சனை கேட்டு வந்தவரின் பெயர் அரைகுறையாக ஒலிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வழி சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்காரன்:
டேட்டாபேஸ் எழுத்துகளைச் சேமிக்கும் முறை யூடிஎஃப்8எம்பி4-ஆ என்று பாருங்கள் அண்ணே. பழைய யூடிஎஃப்8 என்றால் அதுதான் காரணமாக இருக்கும்.

செந்தூல் அக்கா:
மாற்றுவது நல்லதுதான், ஆனால் இந்தக் கோளாறுக்கு அது காரணமில்லை. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு (ஓர் எழுத்தோ, உயிர்க்குறியோ, புள்ளியோ) ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் பிடிக்கும், அது பழைய அமைப்பிலும் அடங்கும். 4 பைட்டு கேட்பது ஈமோஜி போன்றவை.

தம்பி, உங்கள் "மீனாட்சி சுந்தரம்" இடைவெளியோடு சேர்த்து 49 பைட்டு. சப்ஸ்ட்ர் பைட்டைத்தான் எண்ணும். 30-இல் வெட்டும்போது "சு"வின் உகரக் குறியில் இரண்டு பைட்டு உள்ளே, ஒன்று வெளியே. அந்தக் கேள்விக்குறி இப்படித்தான் வந்தது. எம்பி_சப்ஸ்ட்ர் குறியீடுகளை எண்ணும். அதன் கணக்கில் இந்தப் பெயர் 17: ம ஒன்று, ஈகாரக் குறி ஒன்று என்று தனித்தனியாக. 10-இல் வெட்டினால் ச மட்டும் நிற்கும், உகரம் போய்விடும். முதல் பிழையாவது கண்ணில் பட்டது. இது பார்க்க ஒழுங்காக இருந்துகொண்டே பெயரைக் கெடுக்கிறது, எனக்கு இதில்தான் பயம் அதிகம்.

நாம் எழுத்து என்று எண்ணுவதை எண்ணுவது கிராஃபீம்_சப்ஸ்ட்ர் என்ற கட்டளை. மீ, னா, ட், சி, இடைவெளி, சு, ந், த, ர, ம்: சரியாக 10, பெயர் முழுசாக வரும். ஸ்ரீ, க்ஷ இரண்டும் மட்டும் அதன் கணக்கில் இரண்டிரண்டு. ஆனால் என்னைக் கேட்டால் வெட்டவே வேண்டாம், அடுத்த வரிக்கு மடக்குங்கள். சீட்டு கொஞ்சம் நீளட்டும்.

"மனடச" விஷயம்: அந்த வரி யூனிகோடு என்ற எழுத்துத் தரத்தின் 'எல்' வகையை, அதாவது தனி எழுத்துகளை, மட்டும் வைத்துக்கொள்கிறது. உயிர்க்குறிகளும் புள்ளியும் 'எம்' வகை, எழுத்தோடு ஒட்டும் குறிகள். அதையும் சேருங்கள். இடைவெளி, முற்றுப்புள்ளி, சாய்கோடு மூன்றையும் விட்டுவையுங்கள். சாய்கோட்டை எடுத்தால் நம் ஊர்ப் பெயர்களில் "ஏ/எல்" (மகன்), "ஏ/பி" (மகள்) என்னாவது?

கோமதிக்கு வருவோம். "கோ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஓகாரக் குறி ஒன்று, அல்லது க-வோடு ஏகாரக் குறியும் காலும். திரையில் ஒன்றே, பைட்டில் வேறு. இப்படிப்பட்டவற்றை ஒரே வடிவாக்கும் நார்மலைசர் என்ற பிஎச்பி கருவியில் 'சி' வடிவம் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகும். வேர்டிலிருந்து ஒட்டும்போது உடையா இடைவெளியும் (பார்க்க சாதாரண இடைவெளி போல, ஆனால் வேறு குறியீடு) கூடவே வரலாம். ஓர இடைவெளியை நீக்கும் டிரிம் கட்டளை அதைத் தொடாது. பிஎச்பி 8.4-இல் வந்த எம்பி_டிரிம் ஓரத்தில் இருப்பதை எடுக்கும், நடுவில் இருப்பதை நீங்கள்தான் சாதாரண இடைவெளியாக மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் தேடலுக்கென்று தனி நெடுவரிசையில் செய்யுங்கள். பக்தர் போட்ட பெயர் போட்டபடியே இருக்கட்டும், சீட்டுக்கு அதுதான் போக வேண்டும்.

தண்ணீர்மலைவாசி:
மிக்க நன்றி அக்கா. கோமதி கிடைத்துவிட்டார். கௌசல்யா என்ற பெயரில் சிலர் இன்னும் வரவில்லை, நார்மலைசர் ஓடியும்.

செந்தூல் அக்கா:
அவர்கள் ஒற்றைக்கொம்பு, க, அப்புறம் ளகரம் என்று "கெளசல்யா" தட்டியிருப்பார்கள். நார்மலைசருக்கு அது வேறு சொல், தொடாது. அந்தக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து எல்லா இடத்திலும் ஔகாரக் குறியாக மாற்றினால் வெள்ளியம்மாள் போய்விடுவார். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடத்தில் மட்டும் அப்படி மாற்றுங்கள், அதுவும் தேடல் நெடுவரிசையில் மட்டும். மாறிய பெயர்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்காரன்:
கிராஃபீம், நார்மலைசர் இரண்டுக்கும் பிஎச்பியோடு சேர்க்கும் இன்டில் என்ற நீட்சி வேண்டும் அண்ணே. சில ஹோஸ்டிங்கில் அணைத்தே வைத்திருப்பார்கள், தைப்பூசத்துக்கு முன்பே கேட்டுப் போட்டுவிடுங்கள்.