குறியாக்க மென்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது: உங்கள் அனுபவம் என்ன?

தெம்பனிஸ் செல்வா:
அடிக்கடி இடறுவது ஒரே இடத்தில்தான். "ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரல் தொகுப்பு ஓப்பன் சோர்ஸ், அதனால் அதைப் பயன்படுத்தும் எங்கள் விபிஎன் பெட்டிக்கும் (இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் கருவி) ஏற்றுமதி பெர்மிட் வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விலக்கு, யாரும் தடையில்லாமல் எடுத்துப் பரப்பக்கூடிய நிரலுக்குத்தான். அதை உள்ளே வைத்து மூடி விற்கும் பெட்டி வேறு சரக்கு. அதைத் தனியாக வகைப்படுத்தியே ஆகவேண்டும். கட்டுப்பாட்டுச் சரக்குப் பட்டியலில் பொருளுக்கான குறியீடு 5ஏ002, மென்பொருளுக்கு 5டி002.

இங்கே இதைக் கவனிப்பது சிங்கப்பூர்ச் சுங்கத்துறை. இந்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. கப்பலில் ஏற்றினால்தான் என்றில்லை, கட்டுப்பாட்டுக்குள் வரும் மென்பொருளை இணையத்தில் அனுப்பினாலும் பெர்மிட் கேட்கும்.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த அல்காரிதம் (குறியாக்க முறை), எந்த வேலைக்கு, சாவி எத்தனை பிட் நீளம். சமச்சீர்க் குறியாக்கத்தில் (பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி) 56 பிட்டைத் தாண்டினால் கட்டுப்பாடு; இரண்டு சாவி முறைகளில், ஆர்எஸ்ஏ என்றால் 512, நீள்வட்ட வளைவு என்றால் 112. 128 பிட் சாவியுள்ள சமச்சீர் முறையான ஏஇஎஸ்-128 போட்டாலே எல்லை தாண்டியாச்சு. எஸ்எச்ஏ-256ஐப் பார்த்துப் பதற வேண்டாம். அது ஹேஷ், அதாவது தரவுக்கு ஒரு கைரேகை எடுக்கும் முறை; எதையும் மறைத்து வைப்பதில்லை. கையொப்பம் சரிபார்க்க மட்டும் இருக்கும் குறியாக்கமும் இதில் சேராது. "எந்த வேலைக்கு" என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் பின்னால் வரும் கேள்விகளுக்குப் பதில் இருக்காது.

மீனா, பொங்கோல்:
செல்வா அண்ணே, அமெரிக்கப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன். நிரலை கிட்ஹப்பில் (நிரல்களைச் சேமித்துப் பகிரும் அமெரிக்கத் தளம்) வைத்தால் அவர்கள் விதியும் வரும். பொதுவில் இருக்கும் மூல நிரலுக்கு அவர்களுடைய வணிகத்துறைக்கும் என்எஸ்ஏ என்ற உளவு அமைப்புக்கும் மின்னஞ்சல் அனுப்பச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் இன்னும் சுற்றுகின்றன. 2021 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். சொந்தமாக எழுதிய, எந்தத் தர அமைப்பும் ஏற்காத குறியாக்கம் உள்ளே இருந்தால் மட்டும் இன்றும் அனுப்ப வேண்டும். தேவையில்லாமல் சொந்த அல்காரிதம் எழுதாதீர்கள் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

கவின்:
பிரைவேட் ரெப்போவை, அதாவது அனுமதி உள்ளவர் மட்டும் பார்க்கக்கூடிய நிரல் கிடங்கை, பலர் மறந்துவிடுகிறார்கள். "அடுத்த மாதம் திறந்துவிடுவோம்" என்பது விலக்கு ஆகாது. திறக்கும்வரை அது பொதுவில் இல்லை. ஆள் பார்த்து ஒப்புதல் கொடுத்து இறக்கவிடும் பக்கமும் அப்படித்தான். எந்த கமிட்டிலிருந்து (நிரலில் பதிவான மாற்றம்), எந்தத் தேதியில் பொதுவில் வந்தது என்று பெர்மிட் கோப்பிலேயே குறித்து வையுங்கள். கோப்பை 5 வருடம் வைத்திருக்க வேண்டும்.

வாங்குபவர் பேரழிவு ஆயுத வேலைக்குப் பயன்படுத்துவார் என்ற சந்தேகம் வந்தால், பட்டியலில் இல்லாத சரக்குக்கும் பெர்மிட் வேண்டும். கடைசியில் அது யார் கைக்குப் போகிறது என்று கேட்காமல் அனுப்பாதீர்கள்.