தொடர்பு எல்லாம் ஃபவுலா? புதிய கூடைப்பந்து நடுவர்களுக்கு எதைக் கற்றுத்தருவது

விசில்காரர்: உள்ளூர்ப் போட்டிகளில் நடுவராகத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள், முடிவெடுக்கும் திறனை எப்படி வளர்ப்பது என்று கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான்: விதிப்புத்தகத்தைப் படி, ஃபவுல் என்றால் ஊது. முதல் நிமிடமானாலும் கடைசி நொடியானாலும் விசிலுக்குக் கடிகாரம் தெரியக்கூடாது.

பழைய பாயிண்ட் கார்ட்: ஐயா, நீங்கள் சொல்லும் அதே புத்தகத்தில்தான், தற்செயலான தொடர்புக்காக ஆட்டத்தை நிறுத்த வேண்டாம், எதிராளிக்குப் பாதகம் விளைந்ததா என்று பார் என்று ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) சொல்கிறது. உரசலுக்கெல்லாம் ஊதினால் ஆடுபவனுக்கு வெறுப்புதான் மிஞ்சும்.

விசில்காரர்: "ஆட விடு" என்பது ஊதத் துணியாதவர்களின் சாக்கு. 2023 ஜனவரி 28, பாஸ்டனில் நடந்த என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) ஆட்டம், லேக்கர்ஸ் அணியோடு மோதியது, நினைவிருக்கிறதா? 105-105 என்ற நிலையில் கடைசி நொடியில் லேக்கர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் கூடைக்குப் போகிறார், பாஸ்டனின் டேட்டம் அவர் கையில் அடிக்கிறார், விசில் இல்லை. கூடுதல் நேரத்தில் பாஸ்டன் 125-121 என வென்றது. தவறு நடந்தது என்று நடுவர் சங்கமே மறுநாள் ஒப்புக்கொண்டது.

அரைவட்டம்: அந்த எடுத்துக்காட்டு உங்கள் வாதத்துக்கு உதவாது ஐயா. ஆட்டத்தின்போது தங்களுக்கு அது ஃபவுலாகத் தெரியவில்லை என்றுதான் தலைமை நடுவர் சொன்னார். பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்த கதை இல்லை அது. விதியை மனப்பாடம் செய்தவருக்கும் கண் தவறான இடத்தில் இருந்தால் ஒன்றும் தெரியாது.

சார்ஜிங்கா (பந்து வைத்திருப்பவரின் தவறு) பிளாக்கிங்கா (தடுப்பவரின் தவறு) என்ற குழப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் பந்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது தடுப்பவரை. எதிராளியை நோக்கி நின்று இரு பாதங்களையும் தரையில் ஊன்றினாரா? ஊன்றிய பிறகு அவர் பக்கவாட்டிலோ பின்னாலோ நகரலாம், சிலையாக நிற்க வேண்டியதில்லை. பந்து வைத்திருப்பவர் தாவுவதற்கு முன்பே அந்த இடம் தடுப்பவருடையதா? மோதல் நெஞ்சிலா, தோளிலா? கூடைக்கு அடியில் வரைந்திருக்கும் 1.25 மீட்டர் அரைவட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா? இத்தனையும் மோதலுக்கு முன்பிருந்தே தடுப்பவரைக் கவனித்தவருக்கு மட்டுமே கிடைக்கும் விவரங்கள். இருவருக்கும் இடையே உள்ள இடைவெளி தெரியும் கோணத்துக்கு இரண்டடி நகர்ந்தாலே பாதி ஐயம் தீரும்.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி: காணொளியை இயல்பான வேகத்தில் ஒரே முறை பாருங்கள், முடிவை எழுதுங்கள், பிறகு மெதுவாக ஓட்டுங்கள். முதலிலேயே மெதுவாக ஓட்டினால் எல்லா உரசலும் குற்றமாகத்தான் தெரியும். ஊதாமல் விட்டவற்றையும் எழுதுங்கள். 2015 முதல் என்பிஏ வெளியிடும் கடைசி இரண்டு நிமிட அறிக்கை அவற்றையும் சரி, தவறு என்று மதிப்பிடுகிறது.

பழைய பாயிண்ட் கார்ட்: இதை ஏற்கிறேன். கூடவே, விசிலை ஒரு கணம் தாமதிக்கச் சொல்லுங்கள். பந்து கூடையில் விழுந்துவிட்டால் சின்னத் தட்டலை விட்டுவிடலாம்.

விசில்காரர்: அதுதான் கூடாது என்கிறேன்! பந்து விழுவதைப் பார்த்து முடிவெடுத்தால், நாளை விழாதபோது ஊதுவீர்கள். ஒரே தட்டல், இரண்டு தீர்ப்பு. எந்தப் பயிற்சியாளர் சும்மா இருப்பார்?

அரைவட்டம்: இதில் ஐயா பக்கம்தான் நான். தாமதம் மோதல் முடியும்வரை மட்டும். பந்து எங்கே போகிறது என்பது நடுவரின் கவலை இல்லை.

பழைய பாயிண்ட் கார்ட்: இருவரும் மூன்று நடுவர்கள் நிற்கும் ஆட்டத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் இரண்டே பேர். பந்து இல்லாத பக்கத்தில் நடப்பதை எந்தக் கோணத்தில் நின்று பார்ப்பது?

விசில்காரர்: அதற்குப் போட்டி நடத்துபவர்கள் மூன்றாவது ஆளுக்கும் படி கொடுக்க வேண்டும். அவர்களிடம் கேளுங்கள் தம்பி.