வெள்ளிப் பதக்கத்தில் வேறொருவர் பெயர்: எங்கே தேடுவது?

பட்டர்வொர்த் பேத்தி:
வணக்கம். எங்கள் தாத்தா ஜப்பான்காரன் காலத்தில் ஐ.என்.ஏ.வில் (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) இருந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. ரிப்பன் இல்லை. விளிம்பில் ஓர் எண், ‘சாப்பர்’, ‘முனுசாமி’, பிறகு ‘2 கியூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. தாத்தாவின் பெயரோ கோவிந்தசாமி. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இந்த எண்ணோடு ஒருவரும் இல்லை. தைப்பிங் போர்க் கல்லறைக்கும் போய்ப் பார்த்தாயிற்று. பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை.

சுங்கை பட்டாணி வாத்தியார்:
முன்பக்கம் எந்த ராஜா? பின்பக்கம் என்ன ஆண்டு? அதைச் சொல்லுங்கள் முதலில். விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், விளிம்பு எழுத்து மழுங்கிவிடும். பூதக்கண்ணாடியும் பக்கவாட்டு வெளிச்சமும் போதும்.

பட்டர்வொர்த் பேத்தி:
ஐந்தாம் ஜார்ஜ். பின்னால் குதிரைமேல் ஆடையில்லாத ஓர் ஆள், குளம்புக்குக் கீழே மண்டையோடு, 1914, 1918.

சுங்கை பட்டாணி வாத்தியார்:
அப்படியானால் இது முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் வார் மெடல். ஐ.என்.ஏ.வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாத்தாவின் ஐ.சி.யில் (அடையாள அட்டை) தகப்பன் பெயர் என்ன?

பட்டர்வொர்த் பேத்தி:
எடுத்துப் பார்த்தேன் ஐயா. முனியசாமி!

சுங்கை பட்டாணி வாத்தியார்:
அநேகமாக அவர்தான். இரண்டு தலைமுறைக் கதை ஒரே ஆள்மேல் ஏறிவிட்டது, நம் குடும்பங்களில் இது சகஜம். முனுசாமி, முனிசாமி, முனியசாமி எல்லாம் எழுதுகிற கிராணியின் (குமாஸ்தா) காதைப் பொறுத்தது. அதனால் பெயரை நம்பாமல் எண்ணைப் பிடியுங்கள். அந்தச் சுருக்கம் இரண்டாவது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது பெங்களூரில் இருந்த மதராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுவது, பதுங்குகுழி வெட்டுவது அவர்கள் வேலை. மெசபடோமியாவிலும் இருந்தார்கள். கல்லறைப் பட்டியலில் இல்லை என்று வருத்தப்படாதீர்கள், அது போரில் இறந்தவர்களுக்கு மட்டும். இவர் உயிரோடு திரும்பியதால்தானே நீங்கள் இருக்கிறீர்கள்!

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் தேட ஆள் வைத்துப் பணம் கட்டாதீர்கள். அங்குள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளைப் பற்றியவை. சிப்பாயின் சேவைக் குறிப்பு ரெஜிமெண்டோடுதான் இருக்கும். மதராஸ் சாப்பர்ஸ்தான் இன்றைய மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், இன்றும் பெங்களூரில்தான் இருக்கிறது. அவர்கள் ஆவணப் பிரிவுக்குக் கடிதம் எழுதுங்கள். பட்டாளத்தில் சேரும்போது தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா எல்லாம் எழுதி வாங்குவார்கள். நூறு வருடக் காகிதம், கிடைத்தால் அதிர்ஷ்டம்.

செந்தூல் மீனா:
உள்ளூர்ப் பக்கத்துக்கு நான் சொல்கிறேன். தாத்தா மலாயாவில் பிறந்தவரா? எந்தத் தோட்டம்? பட்டர்வொர்த் வட்டாரம் என்றால் புரொவின்ஸ் வெல்லெஸ்லி, அது பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களில் சேர்ந்தது. கூலிம் பக்கம் என்றால் அன்றே கெடா ராஜ்யம், நிர்வாகமே வேறு. இதைத் தெளிவாக்காமல் ஜே.பி.என். (தேசியப் பதிவு இலாகா) கவுண்டரில் போய் நின்றால் அலைக்கழிப்புதான். பிறப்புப் பத்திர நகல் கேட்கும்போது பெயரின் எல்லா எழுத்துக்கூட்டலையும் எழுதிக் கொண்டுபோங்கள்.

கப்பல் பட்டியலை நம்பாதீர்கள் தங்கச்சி. பிஜி போனவர்களுக்கு ஆளுக்கொரு எமிகிரேஷன் பாஸ் (குடிபெயர்வுச் சீட்டு) இருக்கிறது. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டி வந்த நம் ஆட்களுக்கு அந்த வசதி இல்லை. தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) இன்னும் மோசம், 1950களில் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோது எத்தனையோ கட்டுகள் காணாமல் போயின. தாத்தா ஐ.என்.ஏ.வில் இருந்தது தனிக் கதை, அதை இதோடு கலக்காதீர்கள். இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படால் தளத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் இருக்கின்றன.

பட்டர்வொர்த் பேத்தி:
தோட்டம் கூலிம் பக்கம்தான் அக்கா. பெங்களூருக்கு அனுப்பும்போது பதக்கத்தையே அனுப்பச் சொல்வார்களா?

சுங்கை பட்டாணி வாத்தியார்:
கேட்டாலும் கொடுக்காதீர்கள். விளிம்பைச் சுற்றி நாலைந்து படம் எடுங்கள், எண்ணைக் கடிதத்தின் முதல் வரியிலேயே போடுங்கள். தாத்தாவின் பிறப்புப் பத்திரம் கிடைத்தால் அதன் நகலையும் சேருங்கள், உறவுக்கு ஆதாரம் கேட்பார்கள்.