பேரிக்காய், பரங்கி, செஸ்ட்நட்: இலையுதிர்காலத் தொடக்கத்தில் எங்கே தப்புகிறது?

மாலைவெயில் கேட்டது:

செப்டம்பர் பாதி தாண்டியாச்சு, பொழுது சீக்கிரமே சாயுது. பேரிக்காய், பரங்கி, செஸ்ட்நட் எல்லாம் வரத் தொடங்குற நேரம். பெரிய விருந்துச் சமையல் வேண்டாம். வேலை முடிஞ்சு வந்த பிறகு ஒரு மணி நேரத்துல முடியணும், ஆற அமர உட்கார்ந்து சாப்பிடணும், அவ்வளவுதான்.

மூணு இடத்துல இடிக்குது. பேரிக்காய் மேலே நல்லா இருக்கு, வெட்டினா நடுவுல பழுப்பா கூழாக் கிடக்கு. பரங்கித் துண்டு அவன் அடுப்புல முறுகாம வெந்து குழைஞ்சுபோகுது. செஸ்ட்நட் உள்தோல் உரியவே மாட்டேங்குது. எங்கே தப்பு?

பழத்தோட்டம்:

பேரிக்காயை மட்டும் சொல்றேன், மற்றதுக்கு வேற ஆட்கள் இருக்காங்க.

அது உள்ளேயிருந்து வெளியே பழுக்கிற பழம். வயிற்றுப் பக்கத்தை அமுக்கி, மெத்துனு ஆகட்டும்னு காத்திருந்தா, அதுக்குள்ள நடுப்பகுதி பக்குவம் தாண்டிடும். காம்பை ஒட்டின கழுத்துல கட்டைவிரலால லேசா அழுத்துங்க. அங்கே கொஞ்சம் இறங்கிக் கொடுத்தா அன்றைக்கே சாப்பிடணும். நிறத்தை முழுசா நம்ப வேண்டாம்: பார்ட்லெட் வகை பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறும், பச்சை ஆஞ்சூ வகை பழுத்தாலும் பச்சையாவே இருக்கும்.

கழுத்தும் கல்லு மாதிரி இருந்து நடு மட்டும் பழுப்பா இருந்தா, அது உங்க தப்பு இல்லை. மரத்துல அதிக நாள் விட்டிருப்பாங்க, இல்லைன்னா குளிர்கிடங்குல அதிக நாள் கிடந்திருக்கும். அந்தப் பழத்தை என்ன பண்ணினாலும் தேறாது.

வீட்டுல மரம் இருந்தா பழுக்கிற வரைக்கும் விட்டுவைக்காதீங்க. மரத்திலேயே பழுத்தா நடு கூழாகும், சதை மணல் கலந்த மாதிரி நறநறன்னு இருக்கும். காயைக் கையில ஏந்தி, படுக்கை வாட்டத்துக்குத் தூக்குங்க. காம்பு தானா கிளையை விட்டு வந்துட்டா முற்றியிருக்கு, இழுக்கணும்னா இன்னும் ஒரு வாரம் போகட்டும். பறிச்சதும் குளிர்ல வைக்கணும். பார்ட்லெட்டுக்குச் சில நாள் போதும், கோமிஸ் வகைக்கு ஏறக்குறைய ஒரு மாசம், ஆஞ்சூவுக்கு இரண்டு மாசம். அந்தக் குளிர் படாட்டா சீராப் பழுக்காது. கடைக்கு வர்றது பெரும்பாலும் குளிர்ல இருந்து வந்ததுதான், நேரா வெளியே வைக்கலாம். 18 முதல் 21 டிகிரி அறையில நாலு நாள்ல இருந்து ஒரு வாரம் ஆகும்.

ஆறு காய் வாங்கினா இரண்டை வெளியே வைங்க, நாலு ஃப்ரிட்ஜ்ல. இரண்டு நாளைக்கு ஒரு தடவை இரண்டிரண்டா எடுத்து வச்சா, எல்லாம் ஒரே நாள்ல பழுத்துக் கையை விரிக்க வைக்காது. பழுத்ததை ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு நாள் நிறுத்தலாம். சாப்பிட அரை மணி நேரம் முன்னாடியே வெளியே எடுத்துடுங்க, சில்லுனு இருந்தா மணமே தெரியாது. நீளவாக்குல நறுக்கி, பழைய செடார் சீஸ் ஒரு துண்டு, நாலு வால்நட். இதுக்கு மேல எதுவும் சேர்த்தா அது பேரிக்காய்க்குச் செய்ற துரோகம்!

உருண்டையா மொறுமொறுன்னு இருக்கிற ஆசியப் பேரிக்காய்க்கு இதெல்லாம் பொருந்தாது. அது மரத்துலயே பழுக்கும், பறிச்ச கையோட சாப்பிடலாம்.

தணல்:

அவசரம்னா பேரிக்காயைக் காகிதப் பையில ஒரு வாழைப்பழத்தோட போட்டு மடிச்சு வைங்க. வாழைப்பழத்துல இருந்து வர்ற எத்திலீன் வாயு பழுக்கிறதை ஓரிரு நாள் முன்னாடி தள்ளும். பிளாஸ்டிக் பை கூடாது, ஈரம் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

இப்போ பரங்கி. குழையுறதுக்கு நீராவிதான் காரணம். விளக்கு செதுக்க விக்கிற பெரிய பரங்கி நார் நாரா, தண்ணியா இருக்கும், அதை விட்டுடுங்க. பட்டர்நட் அல்லது கபோச்சா வகைப் பரங்கி வாங்குங்க. காம்பு காய்ஞ்சு தக்கை மாதிரி இருக்கணும், தோல்ல நகம் இறங்கக் கூடாது.

1 கிலோவுக்கு 2 மேசைக்கரண்டி எண்ணெய், 1 தேக்கரண்டி உப்பு. துண்டு இரண்டரை சென்டிமீட்டர். உப்பைத் தட்டு உள்ளே போற நேரத்துலதான் போடணும், முன்னாடியே பிசறி வச்சா தண்ணி விட்டுடும். அவன் 220 டிகிரி, வெறும் தட்டும் உள்ளேயே சூடாகட்டும். துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி, இடம் போதலைன்னா இரண்டு தட்டு. உயரமான விளிம்பு இருக்கிற கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், ஆவி அதுக்குள்ளேயே சுத்தும். 20 நிமிஷம் கை வைக்காதீங்க. அடிப்பக்கம் செவந்ததும் தட்டை விட்டுத் தானாக் கிளம்பும், அப்பத்தான் திருப்பணும். ஒட்டிக்கிட்டு வரலைன்னா இன்னும் ஆகலைன்னு அர்த்தம். திருப்பின பிறகு 15 நிமிஷம்.

ஒரு எச்சரிக்கை: பச்சையா ஒரு துணுக்கு நாக்குல வச்சுப் பாருங்க. கசந்தா முழுசையும் தூக்கிப் போடணும். அந்தக் கசப்பு நஞ்சு, வேகவச்சாலும் போகாது.

முழுப் பரங்கியை ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க. 10 டிகிரிக்குக் கீழே நாள்பட இருந்தா கெட்டுப்போகும். 10–15 டிகிரி, காய்ஞ்ச இடம் போதும். காம்பைப் பிடிச்சுத் தூக்காதீங்க, அது ஒடிஞ்ச இடத்துலதான் அழுகல் தொடங்கும்.

உமிக்கரி:

செஸ்ட்நட் கொட்டை மாதிரி தெரியும், ஆனா ஏறக்குறைய பாதி தண்ணி. வால்நட் மாதிரி டப்பாவுல போட்டு வெளியே வச்சா ஒரு வாரத்துல சுருங்கிடும். காய்கறியோட சேர்த்து ஃப்ரிட்ஜ்ல வைங்க. தண்ணியில போட்டுப் பாருங்க, மிதக்கிறது பெரும்பாலும் புழு விழுந்தது, இல்லை காய்ஞ்சது.

உள்தோல் உரியாததுக்கு இரண்டு காரணம்தான்: கீறல் ஆழம் போதலை, அல்லது ஆறிப்போச்சு. உப்பின பக்கத்துல குறுக்கே, ஓடும் உள்தோலும் சேர்ந்து அறுபடுற மாதிரி ஒரே கீறல். கீறாம வச்சா ஆவி அடைச்சு வெடிக்கும். அரை மணி தண்ணியில ஊறட்டும். 220 டிகிரியில 20–25 நிமிஷம், கீறின வாய் மலர்ந்து மஞ்சள் பருப்பு தெரியணும். உடனே கனமான துணித்துண்டுல சுத்தி 10 நிமிஷம், லேசா நசுக்குங்க. ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு மட்டும் வெளியே எடுத்து உரிங்க, மீதி துண்டுக்குள்ளயே சூடா இருக்கட்டும்.

நடக்கப் போற இடத்துல பொறுக்கினதுன்னா கவனம். திங்கிற செஸ்ட்நட் நுனியில குஞ்சம் மாதிரி கூர் இருக்கும், மேலுறை முழுக்க நெருக்கமா ஊசிமுள். குதிரைச் செஸ்ட்நட் நுனியே இல்லாம வழவழன்னு இருக்கும், உறையில முள் அங்கொண்ணு இங்கொண்ணு. அது விஷம்.

மாலைவெயில்:

நன்றி. பரங்கியும் செஸ்ட்நட்டும் ஒரே நேரத்துல அவன்ல வைக்கலாமா? கபோச்சா தோலைச் சீவணுமா?

தணல்:

தோல் சீவ வேண்டாம், வெந்ததும் மெத்துனு ஆகிடும். இரண்டுக்கும் அதே 220 தான். பரங்கி அடித்தட்டுல போனதும் செஸ்ட்நட்டை ஊறப் போடுங்க, 15 நிமிஷம் ஊறினாலும் போதும். பிறகு அதை மேல்தட்டுல வைங்க. பரங்கி வெந்து வெளியே வந்த அஞ்சு நிமிஷத்துல செஸ்ட்நட்டும் வந்துடும்.