டேட்டா கொஞ்சம்தான் வேணும், இருக்கிறதிலேயே சின்ன பிளான் எது?

சிறுதுளி:
வணக்கம். எனக்கு நெட் அதிகம் தேவையில்லை. வீட்டிலும் ஆபீஸிலும் வைஃபை இருக்கு. வெளியே போனா வாட்ஸ்அப், எப்பவாவது மேப், அவ்வளவுதான். அதனால மாசம் 1 ஜிபி பிளானுக்கு மாறினேன். 9 நாள்ல காலி. பெரிய பிளானுக்குப் போகணுமா, இல்ல வேற நல்ல சின்ன பிளான் ஏதாவது இருக்கா? இன்னிக்கு ராத்திரிக்குள்ள ரீசார்ஜ் பண்ணணும், சீக்கிரம் சொல்லுங்க.

அலைவரிசை:
போன் ஆண்ட்ராய்டா, ஐபோனா? ஒரு சிம்மா, ரெண்டா? 1 ஜிபி முடிஞ்சதும் நெட் நின்னுபோச்சா, வேகம் குறைஞ்சுதா, இல்ல மெயின் பேலன்ஸ்ல பிடிச்சாங்களா? கடைசிக் கேள்விதான் முக்கியம். சின்ன பிளான்ல கைக்காசு போறது பெரும்பாலும் அந்த மூணாவது வழியிலதான்.

கணக்கன்:
போன் எதுவா இருந்தாலும் கணக்கு இதுதான். 1024 எம்பியை 30 நாளுக்குப் பிரிச்சா நாளைக்கு 34 எம்பி. 9 நாள்ல தீர்ந்ததுன்னா நாளைக்கு 114 எம்பி போயிருக்கு. எழுத்து மட்டும் அனுப்பினா வாட்ஸ்அப் நாளைக்கு 1 எம்பியைத் தாண்டுறதே கஷ்டம். அதுலேயே பேசினா நிமிஷத்துக்குச் சுமார் அரை எம்பி. பாட்டு 96 கேபிபிஎஸ் தரத்துல கேட்டா மணிக்கு 43 எம்பி. நீங்க சொல்ற உபயோகத்துக்கு 114 வரவே வராது.

என் சந்தேகம் குரூப்ல வர்ற வீடியோ மேல. வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' போங்க. மொபைல் டேட்டாவுக்கான ஆட்டோ டவுன்லோட்ல போட்டோ, ஆடியோ, வீடியோ, டாகுமெண்ட் நாலையும் எடுத்துவிடுங்க. அதே பக்கத்துல அழைப்புக்குக் குறைந்த டேட்டான்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டுவிடுங்க.

முதுநிரல்:
போன் பெயரைக்கூட எழுதாமல் 'சீக்கிரம் சொல்லுங்க' என்றால் யாரால் என்ன சொல்ல முடியும்? இதே கேள்வி ஓயாமல் வருகிறது. பழைய இழைகளைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கும் இல்லை. பிளானைத் தேடும் முன் மீட்டரைப் பார்க்க வேண்டும். இது அரிச்சுவடி.

ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் பக்கம். முதலில் பில்லிங் சைக்கிளை ரீசார்ஜ் செய்த தேதிக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் போன் காட்டும் மாதம் வேறு, உங்கள் பிளானின் மாதம் வேறு. பிறகு டேட்டா லிமிட்டை 900 எம்பியில் வையுங்கள். போனின் எண்ணிக்கையும் கம்பெனியின் எண்ணிக்கையும் அச்சாக ஒத்துப்போகாது, அதற்காகத்தான் அந்த நூற்றுச் சொச்சம். ஒவ்வொரு செயலிக்கும் முன்னணியில் (திரையில் திறந்திருக்கும்போது) எவ்வளவு, பின்னணியில் எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும். பின்னணி அதிகமாக இருக்கும் செயலிதான் குற்றவாளி. இதைச் செய்யாமல் அடுத்த பதில் எழுதாதீர்கள்.

மின்மினி:
இவ்வளவு மெனக்கெடத் தேவையே இல்லைங்க. கோட்டா முடிஞ்சதும் 64 கேபிபிஎஸ்ல ஓடுற பிளானா பார்த்து எடுங்க. நெட் நிக்காது, கூடுதல் காசும் பிடிக்காது. வாட்ஸ்அப்புக்கும் மேப்புக்கும் விநாடிக்கு 64 கேபி தாராளம்.

கணக்கன்:
மின்மினி, அது கிலோபைட் இல்லை, கிலோபிட். எட்டால வகுக்கணும். விநாடிக்கு 8 கேபிதான் வரும். 200 கேபி போட்டோ ஒண்ணு திறக்க 25 விநாடி, 2 எம்பி வலைப்பக்கம் வர 4 நிமிஷத்துக்கு மேல. பல செயலிகள் அதுவரைக்கும் காத்திருக்காது, இணைப்பு இல்லைன்னு சொல்லிக் கையை விரிச்சிடும். மேப்ல நாம நிக்கிற இடத்தோட படம் வந்து சேர்றதுக்குள்ள தெருவையே தாண்டியிருப்போம்.

மின்மினி:
சரி, பிட்டுதான், ஒத்துக்கறேன். ஆனா எழுத்துச் செய்தி போகும், வரும். குரல் அழைப்புகூட நீங்க சொன்ன அரை எம்பிப்படி பார்த்தா விநாடிக்கு 68 கிலோபிட், அதுவும் போறது வர்றது ரெண்டும் சேர்த்து. ஒரு பக்கத்துக்கு 34. 64-க்குள்ள அடங்குதே?

கணக்கன்:
அழைப்பு தனியா ஓடினா அடங்கும். அந்த நேரம் பார்த்து மெயில் ஒத்திசைவு எழுந்துச்சுன்னா அதே குழாய்லதான் அதுவும் வரணும், குரல் வெட்டி வெட்டிக் கேக்கும். மெதுவான நெட்டை அவசரத்துக்கு ஒரு கைத்தடி மாதிரி வச்சுக்கலாம். அதை நம்பி பிளான் எடுக்கக் கூடாதுங்கறேன். மேப்புக்கு அது தேவையும் இல்லை. வைஃபைல இருக்கும்போது ஆஃப்லைன் மேப் இறக்கிவச்சா போதும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்ல இருந்து வாங்குறது மட்டும்தான், அதுக்கு டேட்டா செலவு கிடையாது. போக்குவரத்து நெரிசல் தெரியாது, அது ஒரு குறை.

பனைமரம்:
நடுவுல ஒண்ணு. மாசக் கோட்டாவே வேண்டாம், எம்பிக்கு இவ்வளவுன்னு பிடிக்கிற பிளான்தான் கம்மின்னு சிலர் சொல்வாங்க. அதுக்கு முன்னாடி அளவு அலகைக் கேளுங்க. 100 கேபியா ரவுண்ட் பண்ணுற இடத்துல, போன் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து 2 கேபி பேசிட்டுத் தூங்கினாலும் ஒவ்வொரு தடவையும் 100 கேபிதான். நாளைக்கு 96 தடவை, 9600 கேபி. நீங்க போனையே தொட்டிருக்க மாட்டீங்க. அந்த மாதிரி பிளான் எடுத்தா வெளியே போகும்போது டேட்டாவை அணைச்சு வச்சு, வேணுங்கும்போது மட்டும் போடணும்.

நாள் கணக்கையும் பாருங்க. 28 நாள் பிளான்னா வருஷத்துக்கு 13 தடவை ரீசார்ஜ். 30 நாள் பிளானோட ஒப்பிடும்போது ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பார்த்தாதான் எது கம்மின்னு தெரியும்.

முதுநிரல்:
எஸ்எம்எஸ் எண்ணிக்கையை மறந்துவிட்டீர்கள். சின்ன பிளான்களில் அதற்கும் வரம்பு உண்டு. தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ் 70 குறிகள்தான், ஆங்கிலத்தில் 160. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். 'வந்துட்டேன்' என்பது உங்கள் கண்ணுக்கு 6 எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் 11. எழுபதைத் தாண்டினால் 67, 67 ஆக உடைத்து ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கழிப்பார்கள்.

பனைமரம்:
அவர் எஸ்எம்எஸ் பத்திக் கேக்கவே இல்லையே ஐயா.

முதுநிரல்:
கேட்காததால்தான் சொல்கிறேன். கேட்கத் தெரிந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

சிறுதுளி:
மன்னிக்கணும், ஐபோன். ஒரே சிம். முடிஞ்சதும் நெட் நின்னுடுச்சு. வாட்ஸ்அப் ஆட்டோ டவுன்லோட் ஏற்கெனவே அணைச்சுதான் இருக்கு. மொபைல் டேட்டா பக்கம் பார்த்தேன், 'கரண்ட் பீரியட்' 63.4 ஜிபின்னு காட்டுது! பிளானே 1 ஜிபிதானே?

அலைவரிசை:
பதறாதீங்க. ஐபோன்ல அந்தக் 'கரண்ட் பீரியட்' மாசாமாசம் தானா பூஜ்ஜியம் ஆகாது. கடைசியா ரீசெட் பண்ணின நாள்ல இருந்து கூட்டிக்கிட்டே வரும். பக்கத்தோட அடிமட்டத்துக்குப் போனா ரீசெட் பொத்தானும், கடைசியா பண்ணின தேதியும் இருக்கும். போன் வாங்கின நாள்ல இருந்து ஒரு தடவைகூட அழுத்தாம இருந்திருப்பீங்க.

அழுத்துறதுக்கு முன்னாடி ரெண்டு எண்ணைக் குறிச்சுக்குங்க. ஒண்ணு, செயலிப் பட்டியல்ல 'சிஸ்டம் சர்வீசஸ்', அதாவது போனே தன் வேலைக்கு எடுத்துக்கிட்ட டேட்டா. அதைத் தொட்டா உள்ளே பிரிச்சுக் காட்டும். ரெண்டாவது, கிட்டத்தட்ட கடைசியில 'வைஃபை அசிஸ்ட்'. வைஃபை சிக்னல் நொண்டினா, சொல்லாமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவுற வசதி அது. வாங்கும்போதே ஆன்ல இருக்கும். திரையில திறந்திருக்கிற செயலிக்குத்தான் தாவும், பின்னணியில நடக்கிற டவுன்லோடுக்குத் தாவாது. வீட்டுல கட்டில்ல படுத்துக்கிட்டு ஏதாவது பார்க்கிறோம், வைஃபைலதான் இருக்கோம்னு நினைப்போம். ரூட்டர் ரெண்டு சுவர் தள்ளி இருந்தா அப்போ ஓடுறது உங்க 1 ஜிபி. அந்த சுவிட்ச்சுக்குக் கீழேயே எவ்வளவு தின்னுதுன்னு எண் போட்டிருக்கும்.

அதோட போட்டோஸ் செட்டிங்ஸ்லயும் ஆப் ஸ்டோர்லயும் மொபைல் டேட்டாவை அணைங்க. மொபைல் டேட்டா ஆப்ஷன்ஸ் உள்ளே 'லோ டேட்டா மோட்' போடுங்க. ஆண்ட்ராய்டு மாதிரி வரம்பு வச்சுத் தானா நிறுத்துற வசதி ஐபோன்ல கிடையாது, அதனால வாரம் ஒரு தடவை நீங்கதான் எண்ணைப் பார்க்கணும்.

இன்னிக்கு ராத்திரி அதே 1 ஜிபியைப் போடுங்க. இப்போதைக்கு பெரிய பிளானுக்குப் போகாதீங்க.

மின்மினி:
வீட்டுலயும் சிக்னல் சுமார்னா வைஃபை காலிங் (சாதாரண அழைப்பையே வைஃபை வழியா பேசுறது) இருக்கிற பிளானா பாருங்க. மலிவு பிளான்கள்ல அது இல்லாமலும் இருக்கும்.

கணக்கன்:
வைஃபையே எட்டாத கட்டில்ல வைஃபை காலிங் எப்படி எட்டும்?

மின்மினி:
ஹால்ல வந்து பேசலாமே. நான் சொல்றது மொபைல் சிக்னலுக்கு.

சிறுதுளி:
வைஃபை அசிஸ்ட் 21 ஜிபி. அணைச்சுட்டேன். ரீசெட்டும் பண்ணியாச்சு. 1 ஜிபியே போட்டிருக்கேன். ரொம்ப நன்றி.

சிறுதுளி (8 நாள் கழித்து):
8 நாள் ஆச்சு, 96 எம்பி.

கணக்கன்:
நாளைக்கு 12. 30 நாளுக்கு 360 எம்பி. பாதி சேர்த்து வச்சாலும் 540. 1 ஜிபிக்குக் கீழே ஏதாவது இருந்தா இறங்கலாம். ஆனா 500 எம்பின்னா கொஞ்சம் இறுக்கம், ஒரு பயணம் வந்தா தாண்டிடும்.

அலைவரிசை:
இறங்குறதா இருந்தா, கோட்டா முடிஞ்சதும் நெட் நிக்குமா, காசு பிடிப்பாங்களான்னு அந்த பிளானுக்கும் தனியா கேட்டுட்டு மாறுங்க. ஒரே கம்பெனியிலேயே பிளானுக்குப் பிளான் மாறும். கேட்டீங்களா?